பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே

சில மனிதர்கள் இல்லையென்றால் சில மாபெரும் காரியங்கள் அப்படியே நின்றுவிடும். ஒரு தூணை உருவினால் மண்டபமே சரிகிற மாதிரி, அந்த ஒருவர் நகர்ந்தால் ஓர் ஆலை நிற்கும், ஒரு துறைமுகம் நிற்கும், ஒரு தேசத்தின் கஜானாவே பெருமூச்சு விடும். அப்படிப்பட்டவர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறக்கிறார்.

பிறந்தவர் அந்த வியாழக்கிழமை மத்தியானம் தம்மாமில் ஒரு வீட்டு சோபாவின் நுனியில், வலதுகால் சாக்ஸில் இருந்த ஓட்டையை இடதுகாலால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்க தம்பி இல்லேன்னா அந்த பிளான்ட்டு ஓடாதுங்க, சம்பந்தி" என்றார் கார்மேகம்.

பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் சம்பந்தி.

"அப்படியா, அப்படியா" என்றார் ஐயப்பன். பிழைக்க அரபு நாட்டுக்கு வந்து தம்மாமில் தலை நரைத்தவர். ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பிளான்ட் எதனால் ஓடும், எதனால் ஓடாது என்று அவருக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் சங்கரன்கோவில்காரர், வீட்டுக்கு வந்தவர்களைக் காபி கொடுப்பதற்கு முன்னால் மறுத்துப் பேசமாட்டார்.

வாரம் தவறாமல் இந்தத் தொடருக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி. கார்மேகம் பரமக்குடி தாலுகா ஆபீசில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் தன்னை 'ரெவின்யூ' என்று மட்டும் சொல்லிக்கொள்வார். அவரும் மனைவி சரோஜாவும் விசிட் விசாவில் வந்து மகனின் ஃபிளாட்டில் தங்கியிருக்கிறார்கள். ஒரே மகன் ஜெயசீலன், ஜுபைலில் ஒரு பெரிய, பழைய, தன் பெருமையைத் தானே சுவர் சுவராக எழுதிவைத்திருக்கிற பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஊருக்கு அவன் இன்ஜினியர். கம்பெனிக்கு அவன் புரொபேஷன். அது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமா, ஊருக்கு டிக்கெட்டா என்பது அன்றைக்குத் தெரியும்.

ஆபீசில் அவன் மேஜை வாட்டர் கூலருக்குப் பக்கத்தில். பலபேர் அவனைக் காகித கப்புக்குப் பொறுப்பானவன் என்றே நினைத்து, தீர்ந்துபோனால் அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் ஸ்டோருக்குப் போய் எடுத்துவந்து வைப்பான். இதை வீட்டில் சொன்னதில்லை.

பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது சாயங்காலம் நாலரைக்கு. பஞ்சாங்கத்தில் அதுதான் நல்ல நேரம். டூட்டியில் கொஞ்சம் பர்மிஷன் போட்டால் போதும். ஆனால் மத்தியானம் கார்மேகத்துக்கு ஒரு ஞானம் உதித்தது. பஞ்சாங்கத்தில் இருக்கிற நாலரை, பரமக்குடி நாலரை! அங்கே நாலரை என்றால் இங்கே இரண்டு. 'நம்ம நட்சத்திரம் நம்ம ஊர் மேலதான இருக்கும்' என்று ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். மகனின் செல்போன் எடுக்கவில்லை. பிளான்ட்டுக்குள் போன் கூடாது. கேட்டில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். உடனே, 'ஆத்திர அவசரத்துக்கு' என்று வாங்கி வைத்திருந்த கன்ட்ரோல் ரூம் நம்பருக்கு அடித்தார்.

"ஜெயசீலன் ஃபாதர் ஸ்பீக்கிங். வெரி எமர்ஜென்சி."

அந்தச் செய்தி வாக்கி டாக்கியில் பிளான்ட் முழுக்க ஒலித்தது. அப்போதுதான் ஒரு டவருக்குள்ளிருந்து புழுதியோடு வெளியே வந்த ஜெயசீலனுக்குக் கண் இருட்டியது. யாரோ போய்விட்டார்கள். அம்மாவாகத்தான் இருக்கும், அப்பாவே பேசுகிறாரே. கையுறையைக் கழற்றினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், கவரால் மேலுடுப்பைக் கழற்றினான். ஓடினான். இன்னொன்றைக் கழற்றவேண்டியிருந்தது. அது அப்போது ஞாபகம் வரவில்லை.

கேட்டில் அட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே போகமுடியும். அன்று மட்டும் தடுப்புக்கட்டை அண்ணாந்து நின்றது. வைஸ் பிரசிடென்ட் வருகிறார். அவர் கண்ணில் படுவதற்காகப் பூந்தொட்டி ஏற்றிய லாரிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஜெயசீலன் லாக்கரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பூந்தொட்டி லாரியை ஒட்டி வெளியே வந்துவிட்டான். வந்து போன் போட்டால், அப்பா சாவகாசமாகச் சொல்கிறார்:

"இந்தியா டைம்தான்டா கணக்கு. டாக்ஸி சொல்லிட்டேன். முகத்தைக் கழுவிட்டு வா."

வந்துவிட்டான். பெண் வீட்டு வாசலில், மரியாதைக்காகப் போனை அணைத்துவைக்கச் சொன்னவரும் அப்பாதான்.

"என்னங்க, இந்தச் சாவி சேரமாட்டேங்குது" என்றாள் சரோஜா.

மடியில் ஒரு சின்னச் சூட்கேஸ். அதில் அதிரசம், முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், பெண்ணுக்கு ஒரு பட்டு. டாக்ஸிக்காரன் கண் படக்கூடாது என்று காலையில் அழுத்திப் பூட்டி வந்திருந்தாள்.

"வலது பக்கம் திருப்பு" என்றார் கார்மேகம்.

"எந்தப் பக்கம் திருப்புறது? உள்ளயே போகமாட்டேங்குதே. ராத்திரி ஷூ ஸ்டாண்டு மேல நாந்தான் வச்சேன், காலையில நாந்தான் எடுத்தேன்."

"பித்தளை பாரு, இந்த ஊர் வெயிலுக்கு விரிஞ்சிருக்கும்."

ரெவின்யூவில் இருந்தவருக்கு விஞ்ஞானமும் தெரியும்.

ஐயப்பன் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்தார். ஒரே நெம்பு, பூட்டு தெறித்து சோபாவுக்கு அடியில் ஓடியது. "இனிமே இந்தச் சனியன் எதுக்கு?" என்று சரோஜா சாவியை நாகவள்ளியிடம் நீட்டினாள். ஐயப்பனின் மனைவி நாகவள்ளி வீட்டில் ஒரு தூசி தங்கவிடாதவள். சாவியைச் சமையலறைக் குப்பைப் பையில் போட்டு, பையை முடிச்சுப் போட்டு, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். வாட்ச்மேன் எடுத்துப்போவான்.

பெண், பானுப்பிரியா, வந்தாள். தட்டு ஏந்தி வரவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இருந்து நேராக வந்தவள், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மணி என்று மாற்றியதில் அவளுக்கும் அரை நாள் லீவு போயிருந்தது. தம்மாமிலேயே வளர்ந்தவள்.

"என்ன பண்றீங்க அங்க?" என்று கேட்டாள்.

"புரோசஸ் இன்ஜினியர்."

"அது பயோடேட்டால இருக்கு. காலையில போனா ஈவினிங் வரைக்கும் ஆக்சுவலா என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. மேனேஜர்கூட. ஜெயசீலன் காகித கப்பைத் தவிர்த்துவிட்டு வேறு ஏதாவது உண்மை இருக்கிறதா என்று தேடினான். இருந்தது.

"இன்னிக்கு ஒரு டவருக்குள்ள இறங்கினேன்" என்றான். "பெரிய இரும்புக் கோபுரம் மாதிரி. உள்ள மாடி மாடியா தட்டு இருக்கும். ரிப்பேர் முடிஞ்சு மறுபடி ஓட்டறதுக்கு முன்னாடி உள்ள போய்ப் பாக்கணும்."

"பயமா இல்ல?"

"அதுக்குத்தான் பூட்டு." அவனுக்கு உற்சாகம் வந்தது. "டவருக்குள்ள வாயு வர்ற வால்வு எல்லாத்தையும் மூடிப் பூட்டிருவாங்க. அந்தச் சாவியெல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில. பெட்டி மேல, உள்ள போற ஒவ்வொருத்தனும் அவனவன் பூட்டைப் போட்டு அமுக்கணும். சிவப்புப் பூட்டு. நம்ம போட்டோ ஒட்டியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, டூப்ளிகேட் கிடையாது. வைஸ் பிரசிடென்டே ஆனாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது."

"கேட்டீங்களா சம்பந்தி? வைஸ் பிரசிடென்டே தொடக்கூடாதாம்" என்றார் கார்மேகம்.

"பூட்டு தொங்கினா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். கடைசிப் பூட்டு எடுக்கற வரைக்கும் பெட்டி திறக்காது. பெட்டி திறக்காம வால்வு திறக்காது. அதனால வெளியே வந்த உடனே முதல் வேலை..." அவன் பேன்ட் பையில் கைவிட்டு ஒரு சின்னப் பித்தளைச் சாவியை எடுத்துக் காட்டினான். "முதல் வேலை, இந்தச் சாவியால..."

சாவி கையில் இருந்தது. வாக்கியம் பாதியில் நின்றது.

"முதல் வேலை?" என்றாள் பானுப்பிரியா.

ஜெயசீலன் சாவியைப் பார்த்தான். ஏசி ஓடுகிற அறையில் முதுகில் வியர்வை ஒற்றைக் கோடாக இறங்கியது.

"ஜெயசீலன்? ஆர் யூ ஓகே?"

"நான் உள்ள இருக்கேன்" என்றான்.

இரண்டு குடும்பத் தலைகளும் திரும்பின.

போனை உயிர்ப்பித்தான். அது கையிலேயே துடிக்க ஆரம்பித்தது. கன்ட்ரோல் ரூம், கன்ட்ரோல் ரூம், ரூம்மேட் மக்தூம், கன்ட்ரோல் ரூம், மக்தூம், தெரியாத நம்பர், மறுபடி மக்தூம். தவறிய அழைப்புகள் திரையை விட்டு வழிந்தன.

"பூட்டுதானேடா" என்றார் கார்மேகம். "நாங்கூட ரெக்கார்டு ரூம் சாவியை மறந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் குடுத்தேன். ஒரு பய கேக்கல."

"அப்பா, கேட் கணக்குலயும் நான் வெளிய போகல. நான் அந்த டவருக்குள்ள செத்துக் கெடக்கேன்னு தேடிட்டு இருப்பாங்க."

"என்ன பேச்சுய்யா பேசுற, பொண்ணு பாக்க வந்த எடத்துல!" என்று சரோஜா காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல நேரம் வேற ஓடிட்டு இருக்கு."

திருப்பிக் கூப்பிடவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. கம்பெனியில் 'உயிர் காக்கும் விதிகள்' என்று ஒரு பலகை உண்டு. அதில் எதை மீறினாலும் விசாரணை, எச்சரிக்கை எதுவும் கிடையாது, நேரே டிக்கெட். பூட்டு விதி அதில் முதல் விதி. கூப்பிட்டால் அந்தக் கணமே வேலை போய்விடும். கூப்பிடாவிட்டால்? ஒருவேளை வேறு எதற்காவது கூப்பிட்டிருந்தால்? காகித கப் தீர்ந்திருக்கலாம். வைஸ் பிரசிடென்ட் வேறு வருகிறார், நிறைய கப் தேவைப்படும். பயந்தவன் மூளைக்கு இதெல்லாம் நியாயமாகத்தான் தோன்றும்.

"அப்பா, எனக்கு உடனே போகணும்."

"நான் டிராப் பண்றேன்" என்று பானுப்பிரியா கார் சாவியை எடுத்தாள்.

"நானும் வர்றேன்" என்று எழுந்தார் கார்மேகம். "மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். எத்தனை கலெக்டரைப் பாத்திருக்கேன்."

சரோஜாவை நாகவள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டும்போது ஜெயசீலனின் கால் அங்கே வைத்திருந்த குப்பைப் பையில் இடித்தது. உள்ளே ஏதோ கிணுங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் பானுப்பிரியா சொன்னாள்: "கால் பண்ணுங்க."

"பண்ணினா வேலை போயிரும்."

"பண்ணலைன்னா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வலதுபக்கம் வெயிலில் வெறும் மணல் பின்னால் ஓடியது. தூரத்தில் மின்கம்பங்கள் ஒன்றையொன்று துரத்தின.

"உங்களை எப்படித் தேடுவாங்க?"

"ரெஸ்க்யூ டீம் உள்ள போகும். மக்தூம் அந்த டீம்ல இருக்கான்." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. மக்தூம் கீழக்கரைக்காரன். டீமில் சேர்ந்தால் இலவசமாக டீ-ஷர்ட்டும் மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி போட்ட மந்தி சோறும் கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தவன். யாராவது விழுவார்கள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. "முகத்துல மாஸ்க் மாட்டி, முதுகுல காத்து சிலிண்டர் கட்டிட்டுப் போவாங்க."

"அப்ப சேஃப் தானே?"

"உள்ள போனவன் கூப்பிட்டும் பதில் சொல்லலைன்னா, காத்து கெட்டிருக்குன்னுதான் எடுத்துப்பாங்க. நைட்ரஜன் எங்கேயாவது கசிஞ்சிருக்கும்னு. அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரெண்டு மூச்சு இழுத்தா அவ்வளவுதான், விழறது நமக்கே தெரியாது. டவர் உயரம். தட்டுக்குத் தட்டு குனிஞ்சு நுழையணும். அவன் கொஞ்சம் குண்டு வேற. குழாய் எதுலயாவது மாட்டி மாஸ்க் நழுவிச்சுன்னா..."

"வெயிட். நீங்க இங்க இருக்கீங்க. உள்ள யாருமே இல்ல. இல்லாத ஆளைத் தேடி இருக்கற ஆள் உள்ள போயிருக்கார்."

"ஆமா."

அதுவரை வேலையை நினைத்து நடுங்கியவன், அந்த 'ஆமா'வுக்குப் பிறகு வேறு விதமாக நடுங்கினான். கன்ட்ரோல் ரூமுக்கு அடித்தான். எங்கேஜ்டு. மறுபடி அடித்தான். எங்கேஜ்டு. மக்தூமுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக்கு வந்து அடித்துப் பார்த்தவன் திரும்ப வைத்துவிட்டுப் போன போன், லாக்கருக்குள், இருட்டில், தனியாக அலறிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் மக்தூம் உள்ளேதான் இருக்கிறான்.

பானுப்பிரியா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். சாலையோரத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம்.

"என்னம்மா, மழை வரப்போகுதா?" என்றார் பின்சீட்டிலிருந்து கார்மேகம்.

"ஸ்பீடு கேமரா, அங்கிள். போட்டோ எடுத்துட்டான்."

கார்மேகம் தலைமுடியைக் கோதிக்கொண்டார். "முன்னாடியே சொல்லக்கூடாதா?"

ஜுபைல் வந்தது. தூரத்திலிருந்தே அந்த டவர் தெரிந்தது. அதன் அடியில் சிவப்பு விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ்.

கேட்டில் இப்போது தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. வரிசையாகப் பூந்தொட்டிகள் சிரித்தன. அட்டையைத் தேய்த்தான். சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தான். மறுபடி சிவப்பு.

நேபாளிக் காவலர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"ஆப் தோ அந்தர் ஹை" என்றார். நீங்கள் உள்ளே இருக்கிறீர்களே.

"நஹி பாய், பாஹர் ஹூ(ம்)! உங்க முன்னாடிதான நிக்கிறேன்!" என்று ஜெயசீலன் இந்தியும் தமிழுமாகக் கத்தினான்.

"சிஸ்டம் அந்தர் போல்தா ஹை." காவலர் வருத்தத்தோடு கையை விரித்தார். உள்ளே இருப்பவரை மறுபடி உள்ளே விட சிஸ்டத்தில் வழி இல்லை.

"ஏம்ப்பா, நான் ரெவின்யூ" என்று கார்மேகம் முன்னால் வந்தார். காவலர் அவரையும் வருத்தத்தோடு பார்த்தார்.

பானுப்பிரியா கார் கண்ணாடியை இறக்கி, தூரத்தில் சுழலும் விளக்கைக் காட்டி, தம்மாம் பள்ளிக்கூடத்தில் படித்த அரபியில் சாவதானமாக ஏதோ சொன்னாள். காவலரின் வாய் திறந்தது. அவசரமாக வாக்கி டாக்கியை எடுத்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றான் ஜெயசீலன்.

"நீங்க தேடற டெட் பாடி கேட்ல நிக்குதுன்னேன்."

கட்டை தூக்கப்பட்டது. அவனுக்கு மட்டும். மற்ற இருவரும் கேட்டோடு நின்றார்கள். "மேனேஜரை வரச்சொல்லு, நான் பேசறேன்!" என்ற அப்பாவின் குரல் பின்னால் தேய்ந்தது.

டவரின் அடியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது, திறப்பு விழாவுக்கு. மேலே தங்க எழுத்தில் ஒரு பேனர்: 'விபத்தே அறியாத எங்கள் மணி நேரங்கள்.' பேனருக்குக் கீழே ஸ்ட்ரெச்சர். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் மூன்றடுக்கு கேக். கேக்குக்குப் பக்கத்தில், கையில் ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் வைஸ் பிரசிடென்ட்.

ஜெயசீலன் யாரையும் பார்க்கவில்லை. மேலே, டவரின் வட்ட வாசலைப் பார்த்தான். அதிலிருந்து ஒரு கயிறு உள்ளே போயிருந்தது. இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கயிறு அசையவில்லை.

"மக்தூம் எங்க? மக்தூம் எங்க?"

யாரோ மேலே கை காட்டினார்கள்.

கயிறு அசையவில்லை. அவனுக்கு முதன்முதலாக, தன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. இப்போதே அனுப்பட்டும், இந்த உடுப்போடு ஏற்றட்டும். அந்தக் கயிறு மட்டும் ஒருமுறை ஆடட்டும்.

ஆடியது. முதலில் ஒரு ஹெல்மெட், பிறகு ஒரு மாஸ்க், பிறகு வெகு சிரமத்துக்குப் பின் வட்ட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வயிறு. மக்தூம் ஏணியில் இறங்கிவந்து, மாஸ்க்கைக் கழற்றி, முகமெல்லாம் வியர்வையும் கண்ணீருமாக மூச்சு வாங்கினான். எதிரே நின்றவனைப் பார்த்தான்.

பிறகு வலது கையால் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"எந்தத் தட்டுலடா கெடந்த? ஒவ்வொரு தட்டாத் தடவித் தடவிப் பாத்தேன்டா! உங்க உம்மாக்கு எப்படிப் போன் பண்ணுவேன்னு நெனச்சு நெனச்சு..."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அறைந்த கன்னம் எரிந்தது. ஜெயசீலனுக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

அது நீடிக்கவில்லை. பிளான்ட் மேனேஜர் ஸாலிஹ் வந்து அவன் தோளில் கைவைத்தார். ஸாலிஹ் கத்தமாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் சன்னமாகும். இப்போது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"வைஸ் பிரசிடென்ட் இப்போது ஒரு உரை ஆற்றப்போகிறார். கவனமாகக் கேள்."

வைஸ் பிரசிடென்ட் தொண்டையைச் செருமினார். பெரிய மனிதர்களிடம் ஒரு திறமை உண்டு. எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அதைத் தாங்களே வெட்டிய குளம் என்று திறந்துவைத்துவிடுவார்கள். "இன்று நீங்கள் பார்த்தது ஓர் ஒத்திகை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "ஒரு பூட்டு. ஒரு சாவி. ஒரு உயிர். இந்த இளம் இன்ஜினியரின் பூட்டு தொங்கியதால், இவ்வளவு பெரிய ஆலை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவன் இல்லாமல் இது ஓடாது. அதுதான் நம் கம்பெனியின் பண்பாடு."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்கூடக் கைதட்டினார். கேட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதருக்கு இது கேட்காமல் போனதே என்று ஜெயசீலனுக்கு அந்தப் பயத்திலும் ஒரு கணம் தோன்றியது.

ஸாலிஹ் அவன் காதருகே குனிந்தார். "புரிந்ததா? நீ அழகாகப் பூட்டைத் திறந்தால் இது ஒத்திகை. புரொபேஷனைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். ஏதாவது கோளாறு பண்ணினாயோ, இது விபத்து. கலாஸ், கதை முடிந்தது. யல்லா, போ."

பெட்டி ஒரு மேஜை மேல் இருந்தது. காலையில் கொத்தாகத் தொங்கிய பூட்டுகள் எல்லாம் போய், ஒரே ஒரு சிவப்புப் பூட்டு மிச்சம். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் ஜெயசீலன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது.

கேமராக்காரர் முட்டி போட்டார். வைஸ் பிரசிடென்ட் பக்கத்தில் வந்து நின்று டையைச் சரிசெய்துகொண்டார். மக்தூம் மூக்கைத் துடைத்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஜெயசீலன் சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தான்.

போகவில்லை.

கை நடுக்கம்தான் என்று நினைத்து, இடது கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தான். நுனி மட்டும் நுழைந்தது. 'வலது பக்கம் திருப்பு' என்று மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. திருப்பினான். 'பித்தளை பாரு, வெயிலுக்கு விரிஞ்சிருக்கும்' என்றது அதே குரல்.

கேமராக்காரர் முட்டி மாற்றி உட்கார்ந்தார். ஸாலிஹின் உதடுகள் அசைந்தன, சத்தமே வரவில்லை.

ஜெயசீலன் சாவியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். கம்பெனிச் சாவியில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். இதில் நம்பர் இல்லை. காலையில் அவசரத்தில் ஷூ ஸ்டாண்டு மேலிருந்து எடுத்துப் பையில் போட்டது. ஓரத்தில் ஏதோ பிசுக்காக ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தான்.

அது நார்த்தங்காய் ஊறுகாய் சூட்கேஸின் சாவி.